நூற்றுக்கு நாற்பத்தொன்று

ஃபைபர் பட்டறையில் பல வருஷம் கை பழகியவர் எபாக்ஸி பக்கம் வரும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார். படகு, தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு என்று பட்டறையில் எதைச் செய்தாலும் பெரும்பாலும் ஊற்றுவது பாலியஸ்டர் ரெசின். அதை இறுக வைக்க 100 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம் கேட்டலிஸ்ட் போதும். மழைக்காலமென்றால் கொஞ்சம் கூட்டுவார், சித்திரை வெயிலென்றால் குறைப்பார். மூடியில் ஊற்றிக் கண்ணால் பார்த்தே போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வேலை சுத்தமாகவே இருக்கும். அதே கையோடு எபாக்ஸியை எடுத்து, சாயங்காலத்துக்குள் அச்சிலிருந்து கழற்ற வேண்டுமே என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால், மறுநாள் காலை அச்சில் இருப்பது தட்டினால் ஓசை வரும் கட்டியாக இருக்காது; அழுத்தினால் விரல்ரேகை பதியும் ரப்பராக இருக்கும். மொட்டைமாடியில் ஒரு வாரம் வெயிலில் வைத்தாலும் அதில் பெரிய மாற்றம் வராது.

இரண்டு ரெசினும் கப்பில் பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. பாலியஸ்டரில் இறுகுவதற்கு வேண்டிய சரக்கு முழுவதும் டப்பாவிலேயே இருக்கிறது: பாலியஸ்டர் சங்கிலிகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் ஸ்டைரீன். பட்டறையில் கேட்டலிஸ்ட் என்று சொல்லும் பெராக்சைடு, வினையைத் தொடங்கிவைத்தால் போதும். பிறகு அது ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தொற்றிக்கொண்டு தானே ஓடும். அளவு கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான். எபாக்ஸியில் தொடங்கிவைக்க ஆள் தேவையில்லை, சேர்ந்து கட்டிக்கொள்ள ஆள் வேண்டும். ஹார்டனர் கட்டியின் ஒரு பகுதியாகவே உள்ளே தங்கிவிடுகிறது. அச்சு வார்க்கும் பல ரகங்களில், அச்சிலிருந்து எடுக்கும் கட்டியின் எடையில் சுமார் கால்பங்கு ஹார்டனர் இருக்கும்.

அதனால் கேள்வி எவ்வளவு வேகம் என்பதில்லை, இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா என்பதுதான்.

எண்ணிக்கை என்று சொல்வது உவமையாக இல்லை. ரெசின் மூலக்கூறின் இரண்டு முனைகளிலும் ஒரு சின்ன வளையம் இருக்கிறது: இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன், மூன்றும் முக்கோணமாக. சாதாரணமாகக் கார்பனின் பிணைப்புகள் 109 டிகிரி அளவில் விரிந்து நிற்கும். இந்த முக்கோணத்தில் அவை 60 டிகிரிக்கு மடக்கப்பட்டிருப்பதால் வளையம் இறுக்கத்தில் இருக்கிறது, திறந்துகொள்ள வாய்ப்புத் தேடுகிறது. ஹார்டனரில் இருப்பது அமீன்: நைட்ரஜனும் அதோடு ஒட்டிய ஹைட்ரஜன்களும். நைட்ரஜன் வளையத்தின் ஒரு கார்பனைப் பிடிக்கிறது, வளையம் திறக்கிறது, நைட்ரஜனிடம் இருந்த ஹைட்ரஜன் ஆக்சிஜனுக்குப் போய்விடுகிறது. ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு வளையம். அந்த ஹைட்ரஜன் போய்விட்டால் இன்னொரு வளையத்துக்கு அதனால் பயனில்லை.

மூலக்கூறுகளை எண்ண முடியாது, எடை போடலாம். கடையில் கிடைக்கும் வழக்கமான திரவ எபாக்ஸி ரெசினில் சுமார் 190 கிராமுக்கு ஒரு மோல், அதாவது 6.022 × 10²³ வளையங்கள் இருக்கும். இதை எபாக்ஸி சமான எடை என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் ட்ரைஎத்திலீன் டெட்ரமீன் என்ற பழைய ஹார்டனரை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 146, வினைக்கு வரக்கூடிய ஹைட்ரஜன் 6. ஆறால் வகுத்தால் 24.4. அதாவது அந்த ஹார்டனரில் 24.4 கிராம், ரெசினில் 190 கிராமுக்கு ஜோடி. 100 கிராம் ரெசினுக்குக் கணக்கிட்டால் 12.8 கிராம். அச்சு வார்க்கும் மெதுவான எபாக்ஸிகளில் அதிகம் பயன்படும் பாலிஈதர் அமீன் ஒன்றுக்கு இந்தச் சமான எடை 60. அதற்கு 100-க்கு சுமார் 32 கிராம் வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் விகிதம் இப்படித்தான் வருகிறது. சமையல் குறிப்பில் உப்பைக் கூட்டிக் குறைப்பதுபோல் அதைக் கூட்டிக் குறைக்க முடியாததற்குக் காரணமும் இதுதான்.

தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த பலருக்கு எல்ஒய் 556, ஹெச்ஒய் 951 என்ற இரண்டு பெயர்கள் நினைவிருக்கும். வாழைநார், கற்றாழைநார், தேங்காய்நார் என்று எதை வைத்து இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்தாலும் இந்த ரெசினும் ஹார்டனரும் 10-க்கு 1 எடையில் கலக்கப்படும். அந்த ஹெச்ஒய் 951 மேலே சொன்ன ட்ரைஎத்திலீன் டெட்ரமீன் வகைதான். கணக்கு 13-ஐ ஒட்டி வருகிறது, கை 10 போடுகிறது. தயாரிப்பாளர்கள் சோதித்துப் பார்த்துத் தாளில் தரும் எண் ஏட்டுக் கணக்கிலிருந்து கொஞ்சம் விலகலாம் என்பது உண்மை. ஆனாலும் முந்தைய பேட்ச் போட்டதால் அடுத்த பேட்சும் போடும் ஒரு முழு எண்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நாரோடு சேர்த்து அழுத்தும் மெல்லிய தகட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு அங்குலக் கட்டியில் தெரிந்துவிடும்.

விகிதம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகும்போது, ஒரு கட்டத்தில் கப்பின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை எட்டும் ஒரே மூலக்கூறு உருவாகிவிடுகிறது. அந்த நிமிஷம் திரவம் கூழாகிறது, குச்சி நகர மறுக்கிறது. அது எப்போது வரும் என்று 1941-ல் பால் ஃப்ளோரி கணக்கிட்டுக் காட்டினார். பின்னால், 1974-ல், வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். ரெசினுக்கு 2 முனை, ஹார்டனருக்கு 4 ஹைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு, விகிதமும் சரியாக இருந்தால், 58 சதவீத முனைகள் ஜோடி சேர்ந்ததும் கூழாகும். ஹார்டனர் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் எத்தனை நாள் காத்திருந்தாலும் கூழாகாது. தேவையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனாலும் அப்படியே. எல்லா மூலக்கூறும் சின்னச் சின்னக் கும்பலாகத் தனித்தனியே நின்றுவிடும்.

நடைமுறையில் யாரும் அவ்வளவு தப்புவதில்லை. 20 சதவீதம் கூடுதலாகப் போடுவார்கள். அப்போது வளையங்கள் எல்லாம் தீர்ந்த பிறகும் ஹார்டனரின் ஹைட்ரஜன்களில் ஆறில் ஒன்று ஜோடியில்லாமல் நிற்கும். வலை உருவாகும், ஆனால் இடையிடையே தொங்கல். இறுகும், ஆனால் தளர்வாக. அறை வெப்பத்தில் இறுக வைக்கும் நல்ல எபாக்ஸியே 50, 60 டிகிரியில் மிருதுவாகத் தொடங்கும். விகிதம் தப்பினால் அந்த எல்லை கீழே இறங்கிவிடும். ரெசின் கோஸ்டர்மேல் சூடான காபி டம்ளரை வைத்து எடுக்கும்போது வட்டமாகத் தடம் விழுவது இதனால்தான். மிஞ்சிய அமீன் ஈரத்தையும் இழுக்கும், மேற்பரப்பு எப்போதும் பிசுபிசுக்கும்.

இந்தப் பொருளின் பிறப்பே அச்சு வார்ப்பில்தான். 1930-களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் பல்செட் செய்ய ஏற்ற, இறுகும்போது அதிகம் சுருங்காத பிசினைத் தேடி எபாக்ஸிக்கு வந்து சேர்ந்தார். பல் மருத்துவத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. சீபா நிறுவனம் உரிமத்தை வாங்கி 1946-ல் அரால்டைட் என்ற பெயரில் பசையாகக் கொண்டுவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ வேறு வழியில் அதே ரெசினைப் பெயின்டுக்காக உருவாக்கிக்கொண்டிருந்தார்.

அரால்டைட் நம் வீடுகளில் ஒரு தவறான பாடத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டது. இரண்டு ட்யூபிலிருந்தும் சம நீளம் பிதுக்கு, தீக்குச்சியால் குழை, ஒட்டு. சம நீளம் என்றால் சம கன அளவு. அந்தப் பசையின் தொழிற்சாலை ரகத்துக்கான தாளை எடுத்துப் பார்த்தால் கன அளவில் 100-க்கு 100 என்றும், எடையில் 100-க்கு 80 என்றும் இரண்டு வரிகள் இருக்கும். இரண்டும் ஒரே கலவைதான். ஹார்டனர் ரெசினைவிட லேசானது, அதனால் ஒரே இடத்தை அடைத்தாலும் எடை குறைவு.

வார்ப்பு ரெசின் வாங்குகிறவர்கள் வழுக்கும் இடம் இதுதான். டப்பாவில் 2:1 என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் கன அளவு என்று இருக்கும். கன அளவுக்கு உரிய விகிதத்தைத் தராசில் பிடித்தால்? ரெசினின் அடர்த்தி 1.15, ஹார்டனருக்கு 0.95 என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் ரெசின் என்பது 87 மி.லி. அதில் பாதி 43.5 மி.லி. ஹார்டனர். அதன் எடை 41 கிராம். தராசில் 50 போட்டவர் 21 சதவீதம் அதிகம் போட்டிருக்கிறார். மேலே பார்த்த தொங்கல் வலைக்கு நேராக வந்து நிற்கிறார், தான் துல்லியமாக அளந்ததாக நம்பிக்கொண்டே. தாளில் எடை விகிதம் தனியாக இருந்தால் அதையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு அடர்த்திகளும் தாளில் இருக்கும், ஒரு பெருக்கல்தான். அடர்த்தியும் இல்லாத தாளோடு வரும் ரெசினை நான் வாங்க மாட்டேன்.

எடையா, கன அளவா என்று கேட்டால் என் ஓட்டு எடைக்கு. கோடு போட்ட கப்பில் அளந்து இன்னொரு கப்புக்கு மாற்றும்போது ரெசின் முழுவதும் வருவதில்லை. ஆறு சென்டிமீட்டர் அகலக் கப்பில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றிக் கவிழ்த்தால், சுவரிலும் அடியிலும் 0.1 மில்லிமீட்டர் படலம் தங்கினாலே ஒரு மி.லி.க்கு மேல் உள்ளேயே நின்றுவிடும். நீர்த்த ஹார்டனர் அவ்வளவு ஒட்டாது. ஆக இரண்டிலும் ஒரே அளவில் இழப்பு இல்லை. ஒரே கப்பைத் தராசில் வைத்து, இரண்டையும் அதிலேயே ஊற்றினால் இந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் தராசும் பொய் சொல்லும், எப்போது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஒரு கிலோ ரெசினுக்கு 410 கிராம் ஹார்டனர் ஊற்றும்போது அது பிரச்சினையே இல்லை. ஒரு டாலர் அச்சுக்கு 15 கிராம் ரெசின், 6.2 கிராம் ஹார்டனர் என்னும்போது அதே தராசின் 6 என்பது 5.5 ஆகவும் இருக்கலாம், 6.5 ஆகவும் இருக்கலாம். ஹார்டனரில் மட்டும் 8 சதவீதம் இப்படியோ அப்படியோ. சின்ன வேலைக்கு 0.01 கிராம் காட்டும் நகை எடைத் தராசு வேண்டும். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல் இல்லையென்றால் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பாருங்கள், சுமார் 7.7 கிராம் காட்ட வேண்டும். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள்.

இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று உண்டு. பல டிஜிட்டல் தராசுகளில், பூஜ்யத்தை ஒட்டி வரும் மிக மெதுவான மாற்றத்தைத் தராசின் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு தானே பூஜ்யத்துக்கு இழுத்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. ரெசினை ஊற்றி, பூஜ்யம் பட்டனை அழுத்தி, பிறகு ஹார்டனரை ஜாக்கிரதையாகச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். முதல் சில சொட்டுகளைத் தராசு கணக்கில் எடுப்பதே இல்லை. எண் 0.00 என்றே நிற்கும், கப்பில் ஹார்டனர் ஏறிக்கொண்டிருக்கும். ஜாக்கிரதைக்குக் கிடைக்கும் தண்டனை இது. தப்பிக்க எளிய வழி, நடுவில் பூஜ்யம் செய்யாமல் இருப்பது. வெறும் கப்பில் ஒருமுறை பூஜ்யம், பிறகு ரெசின். 100-ல் சரியாக நிறுத்த முயல வேண்டாம், பாகு நிற்காது. 103.4-ல் நின்றால் நிற்கட்டும். 103.4 × 0.41 = 42.4. இரண்டையும் கூட்டி 145.8 என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு, எண் அங்கே வரும்வரை ஹார்டனரை ஊற்றினால் முடிந்தது.

ஊற்றுவதற்குமுன் டப்பாவையும் பார்க்க வேண்டும். எபாக்ஸி ரெசின் உண்மையில் உறைய மறந்த திரவம். அதன் தூய படிகம் 40 டிகிரிக்கு மேல்தான் உருகும். கொடைக்கானல், ஊட்டிக் குளிரிலோ, இரவெல்லாம் ஏசி ஓடும் அறையிலோ டப்பாவின் அடியில் வெள்ளையாக, நெய் உறைந்த மாதிரி படிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றினால்தான் கெடும், ஏனென்றால் டப்பாவின் சரக்கு அப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 50 டிகிரி வெந்நீரில் டப்பாவை நிறுத்தி, முழுவதும் தெளிந்து ஆறிய பிறகு எடை போட வேண்டும்.

*

எடை முடிந்ததும் அளவை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். கப்பின் மொத்தத்தில் விகிதம் 100-க்கு 41. கப்பின் மேல்பாதியில் எவ்வளவு, அடியில் எவ்வளவு, சுவர் ஓரத்தில் எவ்வளவு? ஒரு மூலக்கூறு தன் பக்கத்தில் இருப்பதோடுதான் சேரும். கப்பின் மறுகோடியில் ஜோடி காத்திருப்பதால் அதற்கு லாபமில்லை. கப்பின் கணக்கை அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கலக்குவது. என்னைக் கேட்டால் கலக்குவதும் அளப்பதன் இரண்டாம் பகுதிதான், அதுவும் கடினமான பகுதி.

காபியில் சர்க்கரையைக் கலக்கும்போது கரண்டி எடுத்த பிறகும் சுழல்கள் தாமாகவே வேலை செய்கின்றன. தண்ணீர் போன்ற திரவத்தில் ஓட்டம் எளிதில் கொந்தளிக்கும். வார்ப்பு எபாக்ஸியின் பாகுநிலை தண்ணீரைப்போல் சில நூறிலிருந்து ஆயிரம் மடங்குவரை. அந்தத் திரவத்தில் குச்சி சாதாரண வேகத்தில் போகும்போது, ஓட்டம் கொந்தளிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் பத்தை ஒட்டித்தான் வரும். கொந்தளிப்புக்கு ஆயிரங்கள் வேண்டும். இங்கே ஓட்டம் அடுக்கடுக்காக, ஒழுங்காக வழுக்கிப் போகும். ஆங்கிலேய இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்ரம் டெய்லர் 1960-களில் ஒரு பாடப்படத்தில் இதைக் காட்டினார். இரண்டு உருளைகளுக்கு நடுவே கிளிசரின், அதில் ஒரு பொட்டுச் சாயம். உள் உருளையைச் சில சுற்றுச் சுற்றினால் சாயம் கோடாகப் பரவி மறைந்துவிடும். அதே எண்ணிக்கையில் எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்தப் பொட்டு பழைய இடத்தில் திரும்ப வந்து நிற்கும். கலந்ததுபோல் தெரிந்தது, கலக்கவே இல்லை.

குச்சியை ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பவருக்கும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. பாகில் கலவை நடக்க ஒரே வழி, இழுத்து மடிப்பது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி, மடித்து, சுற்றி, மறுபடி தட்டும்போது அடுக்குகள் பெருகி மெலிவதுபோல, ஒவ்வொரு மடிப்பிலும் ரெசின் அடுக்கும் ஹார்டனர் அடுக்கும் இரட்டித்துப் பாதித் தடிமன் ஆகின்றன. ஆறு சென்டிமீட்டர் அடுக்கு பத்து மடிப்பில் 0.06 மில்லிமீட்டர் ஆகிவிடும், ஒரு தலைமுடியின் தடிமன்.

அதற்குமேல் மிச்ச வேலையை விரவல் பார்த்துக்கொள்ளும், ஆனால் அதன் வேகத்தை நம்பக்கூடாது. தண்ணீரைப்போல் ஆயிரம் மடங்கு பாகுள்ள திரவத்தில் ஒரு சிறு மூலக்கூறு 20 நிமிஷத்தில் சுமார் 0.03 மில்லிமீட்டர் தூரம் அலைந்து போகும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க அதே கணக்கில் பத்து நாளுக்கு மேல் ஆகும். ரெசின் அதற்குள் இறுகிவிடும். அதனால் முடித் தடிமனுக்கு அடுக்கை மெலியவைத்தால் இயற்கை முடித்துவைக்கும், மில்லிமீட்டரில் விட்டால் அந்த வரி அப்படியே கட்டிக்குள் நிரந்தரமாகிவிடும்.

சுவர் ஓரம் தனிக் கதை. திடப்பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவப் படலம் நகராது. குச்சி நடுவில் எவ்வளவு சுற்றினாலும் கப்பின் சுவரிலும், அடி மூலையிலும், குச்சியின்மேலும் ஒரு படலம் ஆரம்பத்தில் எப்படி ஒட்டியதோ அப்படியே இருக்கும். ரெசினை முதலில் ஊற்றியிருந்தால் அது வெறும் ரெசின். கலக்கி முடித்து அச்சில் ஊற்றியபின், வீணாக்க மனமில்லாமல் கப்பைக் குச்சியால் வழித்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றுகிறோமே, அந்த வழிப்பில்தான் இறுகாத பொட்டு வருகிறது. தட்டையான விளிம்புள்ள குச்சியால் சுவரையும் அடியையும் நடுநடுவே வழித்து உள்ளே மடிக்க வேண்டும். அதன்பின் கலவையைப் புதுக் கப்புக்கு மாற்றி, குச்சியையும் துடைத்து, மறுபடி ஒரு நிமிஷம் கலக்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வருவதில்லை. ஒரு பேப்பர் கப் செலவு.

போதுமா என்று கண் சொல்லும். ரெசினின் ஒளிவிலகல் எண் 1.57, பாலிஈதர் அமீனுக்கு 1.45. இரண்டும் நிறமற்றவைதான், ஆனாலும் சந்திக்கும் இடத்தில் ஒளி வளைவதால் கப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழை இழையாக, சுருள் சுருளாகத் தெரியும். கலக்கக் கலக்க அது மெலிந்து மங்கலாகி, பிறகு சட்டென்று தெளியும். அந்தத் தெளிவுக்குப் பிறகும் ஒரு நிமிஷம் கலக்குங்கள். நிறமியை முதலிலேயே போட்டுவிட்டால் இந்த ஜன்னல் மூடிவிடும். அதனால் எடை, கலவை, தெளிவு, அதன்பின்தான் நிறம்.

மெதுவாகக் கலக்கச் சொல்வது குமிழ்களுக்காக. ஒரு மில்லிமீட்டர் குமிழ் இந்தப் பாகில் நொடிக்கு 0.6 மில்லிமீட்டர் ஏறும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தை ஒன்றரை நிமிஷத்தில் கடந்துவிடும். குமிழின் அகலம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும், அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். வேகமாக அடித்தால் உருவாவது இந்தப் பொடிக் குமிழ்கள்தான். வெற்றிடக் கலன் இருப்பவர்கள் காற்றழுத்தத்தைக் குறைத்துக் குமிழை ஊதப் பெருக்கி மேலே வரவைக்கிறார்கள்; பிரஷர் பாட் வைத்திருப்பவர்கள் எதிர்வழியில் போய், அழுத்திக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள்.

*

கலந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஒவ்வொரு வளையம் திறக்கும்போதும் வெப்பம் வருகிறது: ஒரு மோலுக்கு ஏறக்குறைய 100 கிலோஜூல். 190 கிராம் ரெசினும் 60 கிராம் ஹார்டனரும் சேர்ந்த 250 கிராம் கலவை முழுவதும் வினைபுரிந்தால் அவ்வளவும் வெளிவரும். ஒரு கிலோ கலவையில் 400 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 293 கிலோஜூல் போதும். இந்த வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் கலவை 200 டிகிரி சூடேறும். எபாக்ஸி வெப்பத்தைக் கடத்துவதோ அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆழமான கப்பின் நடுவே பிறக்கும் சூடு வெளியே வர வழியில்லாமல் வினையை இன்னும் விரட்டும்; பத்து டிகிரி ஏறினால் வினை ஏறக்குறைய இரட்டை வேகம். கப் புகைவதும் உருகுவதும் இப்படித்தான். கோஸ்டருக்கான வேகமான ரெசினை மூன்று அங்குல ஆழ மேஜை அச்சில் ஊற்றினால் மஞ்சளாகி வெடித்துப்போவதும் இதனால்.

டப்பாவில் போட்டிருக்கும் 40 நிமிஷம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு, 100 கிராம் கலவைக்கு. சென்னையில் மே மாதம் மின்விசிறி அறையில் 35 டிகிரி என்றால் அது 20 நிமிஷம். அரைக் கிலோ கலக்கினால் இன்னும் குறைவு. கூட்டவும் குறைக்கவும் ஹார்டனரின் அளவைத் தொடக்கூடாது என்பதால், வேகத்தை மாற்ற விரும்புகிறவருக்கு வேறு வழிகள்தான்: மெதுவான ஹார்டனர் ரகத்தை வாங்குவது, விடியற்காலையில் ஊற்றுவது, கலந்ததும் அகலமான தட்டில் பரப்பி வைப்பது, ஆழத்தைப் பல தடவையாகப் பிரிப்பது. மழைக்காலத்தில் வேகத்தைவிட ஈரம் பெரிய தலைவலி. அமீன் காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேற்பரப்பில் வெள்ளையாக, மெழுகாகப் படியும். ஹார்டனர் மூடியைத் திறந்தே வைத்தால் இது டப்பாவுக்குள்ளேயே நடக்கத் தொடங்கிவிடும்.

கல்யாண மாலையை எபாக்ஸியில் பதித்துத் தரும் வேலை இப்போது ஊரெங்கும் நடக்கிறது. அதில் வரும் பழுதுகளில் பல ஈரத்தால். வாடியதுபோல் தெரியும் ரோஜா இதழின் அடியில், மாலையின் நார்முடிச்சில் தண்ணீர் இருக்கும். அது கலவையில் இறங்கினால் சுற்றிலும் பால்போல் மங்கும், இதழ் பழுப்பாகும். சிலிக்கா ஜெல்லில் புதைத்து நொறுங்கும் அளவுக்கு உலர்த்தாமல் ஊற்றுகிறவர், எடையில் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

இந்தத் துல்லியத்தை மிகையென்று நினைப்பவர்களுக்கு உயிரியல் ஆய்வகம் ஒன்றைக் காட்டலாம். 1956-ல் பிரிட்டனில் ஆட்ரி கிளாவர்ட்டும் கூட்டாளிகளும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய திசுவை அரால்டைட்டில் பதிக்கும் முறையை வெளியிட்டார்கள். 1961-ல் அமெரிக்காவில் ஜான் லுஃப்ட் தந்த முறையில் ஏ, பி என்று இரண்டு கலவைகள். பி கூடினால் கட்டி கடினமாகும். வைர, கண்ணாடிக் கத்திகளால் அந்தக் கட்டியை மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லியதாகச் சீவுவார்கள். ஒரு மூலையில் சரியாகக் கலக்காவிட்டால் கத்தி அங்கே துள்ளும், சீவல் கிழியும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளைப் பாடப்புத்தகத்தில் பார்க்கும் பல படங்களுக்குப் பின்னால், யாரோ ஒரு ஆய்வக உதவியாளர் பொறுமையாகக் கலக்கிய எபாக்ஸி இருக்கிறது.

கையுறையைப் பற்றியும் ஒரு சொல். இறுகாத ரெசினும் அமீனும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு அளவே போதும், தடிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், அது தோலுக்குள் இன்னும் ஏற்றிவிடும்; சோப்பும் தண்ணீரும் போதும்.

ஊற்றி முடித்ததும் கப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அடியில் நாலைந்து கிராம் மிஞ்சட்டும், வெளியே ரெசின் எடை, ஹார்டனர் எடை, அறையின் வெப்பம், நேரம் நான்கையும் மார்க்கரில் எழுதி, அச்சின் பக்கத்திலேயே வையுங்கள். சின்ன அளவு என்பதால் அது அச்சைவிட மெதுவாகத்தான் இறுகும்; இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அச்சும் மிச்சமும் ஒரே மாதிரி மிருதுவாக இருந்தால் எடையில் தப்பு. அச்சு முழுக்க இறுகி, ஓரிடத்தில் மட்டும் பிசுபிசுப்பு இருந்தால் எடை சரி, கலக்கியது போதாது. அந்த இடம் எந்த வெயிலுக்கும் இறுகாது, சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்ற வேண்டும். உள்ளே கல்லாக இறுகி, மேலே மட்டும் மெழுகு மாதிரி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போய்விடும்.